ஜுவைரியா: ஒரு பெயரின் பொருளும் வரலாறும்

பெண் குழந்தை பிறந்ததும் வீட்டில் எழுகின்ற முதல் கேள்வி, "என்ன பெயர் வைப்பது?" என்பதுதான். ஆயிஷா, பாத்திமா, கதீஜா, ஜைனப் என்ற பெயர்கள் குடும்பத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று பேருக்கு இருக்கும். ஆகவே அதிகமாக வழங்காத ஒரு நல்ல பெயரைப் பெற்றோர் தேடுகிறார்கள். அவ்விதம் தேடுவோரின் கண்ணில் படுகின்ற பெயர்களில் ஒன்று ஜுவைரியா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியார் ஒருவரின் திருநாமம் என்று அறிந்ததும் மனம் மகிழ்கிறது.

ஆனால், பெயர்களின் பொருளைத் தொகுத்துத் தரும் சிறு புத்தகத்தைப் புரட்டினால், அதில் "சிறிய அடிமைப் பெண்" என்று போட்டிருக்கிறது. "பெற்ற பிள்ளையை அடிமை என்றா கூப்பிடுவது?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பெயர் கைவிடப்படுகிறது. ஏற்கெனவே வைத்துவிட்டவர்களோ, மாற்றிவிட வேண்டுமோ என்று கலங்குகிறார்கள்.

இந்தக் கலக்கம் தேவையற்றது. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சூட்டியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஏன் சூட்டினார்கள், அதற்கு முன் என்ன பெயர் இருந்தது, அந்தப் பெயரைத் தாங்கிய அன்னையார் எப்படி வாழ்ந்தார்கள் என்பவற்றை அறிந்து கொண்டால், பெயர் வைப்பதில் நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

சொல்லின் பொருள்

ஜுவைரியா என்பது 'ஜாரியா' என்ற அரபுச் சொல்லின் சிறுமை வடிவம். இதை அரபு இலக்கணத்தில் 'தஸ்கீர்' என்பார்கள். ஒன்றைச் சிறியதாகவோ, செல்லமாகவோ குறிப்பிட இவ்வடிவம் வரும். ஹஸன் என்பதிலிருந்து ஹுஸைன் வந்தது. அப்து என்பதிலிருந்து உபைத் வந்தது. பூனையைக் குறிக்கும் ஹிர்ரா என்பதிலிருந்து ஹுரைரா, அதாவது பூனைக்குட்டி, வந்தது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரில் இருப்பது அதுவே. அதே முறையில் ஜாரியா என்பது ஜுவைரியா ஆயிற்று.

ஜாரியா என்பதன் மூலம் 'ஓடுதல்' என்னும் பொருள் கொண்டது. நம் மக்கள் நன்கறிந்த 'ஸதக்கா ஜாரியா' என்பதில் வருவதும் இதே சொல்தான். இறந்த பின்னும் நன்மை ஓடிக்கொண்டே இருக்கும் தர்மம் என்பது அதன் கருத்து. குர்ஆன் ஷரீபில் சுவனத்தின் ஓடுகின்ற நீரூற்றைக் குறிக்கவும் (88:12), நூஹ் (அலை) அவர்களின் காலத்தில் வெள்ளத்தில் ஓடிய கப்பலைக் குறிக்கவும் (69:11) இச்சொல் வந்திருக்கிறது.

அப்படியானால் பெண்ணுக்கு இச்சொல் எவ்வாறு வந்தது? ஓடியாடித் திரிகின்ற இளம் பெண்ணை அரபிகள் ஜாரியா என்றார்கள். இளமையின் சுறுசுறுப்பால் வந்த பெயர் அது. பிற்பாடுதான் வேலை செய்யும் அடிமைப் பெண்ணுக்கும், அவள் முதியவளாக இருந்தாலுங்கூட, அச்சொல்லை விரித்து வழங்கினார்கள். 'அல்மிஸ்பாஹுல் முனீர்' என்ற அரபு அகராதி இந்த வரிசையில்தான் பொருளை விளக்குகிறது. இளம்பெண் என்பது மூலப் பொருள். அடிமைப் பெண் என்பது பின்னர் சேர்ந்த வழக்கு.

ஹதீஸ்களிலேயே இதற்குச் சான்று உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் மீது அவதூறு கூறப்பட்ட நிகழ்ச்சியை விவரிக்கும்போது, அப்போது தாம் வயது குறைந்த ஜாரியாவாக இருந்ததாகத் தம்மைப் பற்றியே சொல்கிறார்கள். அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மகளார் அடிமையாக இருந்ததில்லை. ஆக, அங்கே ஜாரியா என்றால் இளம்பெண் என்பதன்றி வேறு பொருளே இல்லை. ஜுவைரியா என்பதற்கும் 'சின்னஞ்சிறு பெண்' என்று பொருள் கொள்வதே தகும். நாம் வீட்டில் வாஞ்சையோடு 'சின்னப் பொண்ணு' என்று அழைக்கிறோமே, ஏறக்குறைய அது போன்றது.

முன்பிருந்த பெயர்

அன்னையாருக்கு முதலில் இருந்த பெயர் 'பர்ரா'. பிர்ரு என்றால் நன்மை, புண்ணியம். பர்ரா என்றால் நற்குணம் நிறைந்தவள், புண்ணியவதி. பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால், சின்னஞ்சிறு பெண் என்பதைவிடப் புண்ணியவதி என்பது எவ்வளவோ உயர்ந்தது. நம்மிடம் கேட்டால் பர்ராவைத்தான் தேர்ந்தெடுப்போம். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த உயர்ந்த பெயரை எடுத்துவிட்டு, எளிய பெயரைச் சூட்டினார்கள்.

காரணத்தை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் முஸ்லிம் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பர்ராவிடமிருந்து நபியவர்கள் புறப்பட்டுப் போய்விட்டார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. கேட்பவர் காதில் அது 'புண்ணியத்தை விட்டு வெளியேறினார்கள்' என்று விழும் அல்லவா?

பர்ரா என்ற பெயர் வேறு இடத்திலும் மாற்றப்பட்டது. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகளுக்கும் பர்ரா என்றே பெயர் இருந்தது. ஒருவர் தம்மைத் தாமே தூயவர் என்று புகழ்ந்து கொள்வது தகாது, நன்மை செய்வோர் யார் என்பதை அல்லாஹ்வே நன்கறிவான் என்ற கருத்தை அறிவுறுத்தி, அச்சிறுமிக்கு ஜைனப் என்று பெயரிடச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். தற்புகழ்ச்சியைத் தடுக்கும் இந்தக் கருத்து குர்ஆன் ஷரீபிலும் (53:32) வந்திருக்கிறது.

கெட்ட பொருளுக்காகப் பெயர் மாற்றப்பட்டதும் உண்டு. உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு, மாறு செய்பவள் என்று பொருள்படும் 'ஆஸியா' என்ற பெயர் இருந்தது. அதை ஜமீலா, அழகானவள், என்று மாற்றினார்கள். (ஃபிர்அவ்னின் மனைவியாரான ஆசியா (அலை) அவர்களின் பெயர் வேறு எழுத்துகளால் ஆனது, அது நல்ல பெயர். இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.)

இம்மூன்று நிகழ்ச்சிகளிலிருந்து மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. பெயரின் பொருள் கெட்டதாக இருக்கக் கூடாது. பெயர் தற்பெருமை பேசக் கூடாது. அன்றாடப் பேச்சில் அந்தப் பெயரைச் சொல்லும்போது அபசகுனம் போன்ற பொருள் வரக் கூடாது. ஜுவைரியா என்ற பெயர் இம்மூன்றிலும் தேறிய பெயர்.

இதைப் படித்துவிட்டு, "ரஹ்மத் வீட்டில் இல்லை, பரக்கத் வெளியே போயிருக்கிறாள் என்றெல்லாம் நாம் சொல்கிறோமே, அந்தப் பெயர்களை மாற்ற வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். இத்தகைய பெயர்களைத் தடுக்க நபி (ஸல்) அவர்கள் எண்ணி, பின்னர் அது பற்றி ஒன்றும் கூறாமல் இருந்துவிட்டார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. நாயகத்தை வளர்த்த அன்னை உம்மு ஐமன் (ரலி) அவர்களின் இயற்பெயரே பரக்கா என்பதுதான். எனவே இமாம்கள் இதை ஹராம் என்று சொல்லவில்லை. தவிர்ப்பது மேல் என்ற அளவில்தான் வைத்தார்கள். புதிதாகப் பெயர் வைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். ஏற்கெனவே அப்பெயரோடு வாழ்கிறவர்களைக் கலங்கடிக்க வேண்டியதில்லை.

பெயருக்கு உரிய அன்னையார்

அன்னை ஜுவைரியா (ரலி) அவர்கள், குஸாஆ கோத்திரத்தின் ஒரு கிளையான பனூ முஸ்தலிக் கூட்டத்தாரின் தலைவர் ஹாரிஸ் பின் அபீ ளிராரின் மகள். அக்கூட்டத்தார் மதீனாவைத் தாக்க ஆள் திரட்டுகிறார்கள் என்ற செய்தி வந்ததும், நபி (ஸல்) அவர்கள் படையுடன் சென்று முரைஸீஉ என்ற நீர்நிலையருகே அவர்களை எதிர்கொண்டார்கள். இது ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு என்றும், 6ஆம் ஆண்டு என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். போரில் பனூ முஸ்தலிக் தோற்றார்கள். கணவரை இழந்த, சுமார் 20 வயதே நிரம்பிய தலைவரின் மகளும் சிறைப்பட்டவர்களில் ஒருவராக இருந்தார்.

பங்கீட்டில் அவர் ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் பொறுப்பில் வந்தார். அவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. குறித்த தொகையைச் செலுத்தி விடுதலை பெறும் ஒப்பந்தத்தை உடனே செய்து கொண்டார். 'முகாதபா' எனப்படும் இந்த உரிமையை அடிமைகளுக்கு அளிக்குமாறு குர்ஆன் (24:33) ஏவியிருக்கிறது. தொகை ஒன்பது ஊக்கியா தங்கம் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கையில் காசில்லை. உற்றார் பலரும் சிறையில். அந்நிலையில் அவர் நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்று, தாம் இன்னார் மகள் என்று அறிமுகம் செய்து கொண்டு, தமக்கு நேர்ந்ததைச் சொல்லி, தொகையைச் செலுத்த உதவுமாறு கேட்டார்.

அதைவிட மேலான ஒன்றை விரும்புகிறீரா என்று வினவிய நாயகம் (ஸல்) அவர்கள், தொகையைத் தாமே செலுத்தி, அவரை மணந்து கொள்வதாகக் கூறினார்கள். அவர் சம்மதித்தார்.

செய்தி மக்களிடையே பரவியது. அல்லாஹ்வின் தூதருக்குச் சம்பந்தக்காரர்களாகிவிட்டவர்களை நாம் அடிமைகளாக வைத்திருப்பதா என்று ஸஹாபாப் பெருமக்கள் எண்ணினார்கள். ஒவ்வொருவரும் தம் வசமிருந்தவர்களை விடுவித்தார்கள். பனூ முஸ்தலிக் கூட்டத்தில் நூறு குடும்பத்தார் விடுதலை பெற்றார்கள். இந்த நிகழ்ச்சியை அறிவிப்பவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். தம் கூட்டத்தாருக்கு இவரைவிட அதிக பரக்கத்தைக் கொண்டு வந்த வேறொரு பெண்ணைத் தாம் அறிந்ததில்லை என்றும் அவர்களே கூறுகிறார்கள். இந்த அறிவிப்பு அபூதாவூத் கிரந்தத்தில் இடம் பெற்றுள்ளது.

'அடிமைப் பெண்' என்ற பொருள் வருமே என்று அஞ்சுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அடிமைத்தளையில் அகப்பட்டும் அதிலேயே கிடந்துவிடாமல், தாமும் மீண்டு, நூறு வீடுகளின் தளையும் அறுபடக் காரணமாக இருந்தவரின் பெயர் இது. அந்த வீடுகளிலும் எத்தனையோ சின்னஞ்சிறு பெண்கள் இருந்திருப்பார்கள். அகராதி தரும் பொருளோடு, வாழ்ந்து காட்டியவர் சேர்க்கும் பொருளும் ஒரு பெயருக்கு உண்டு.

அன்னையார் விட்டுச் சென்ற பாடங்கள்

அன்னையார் வழியாக ஏழு ஹதீஸ்கள் வந்துள்ளன என்று இமாம் தஹபி அவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவற்றில் ஒன்று புகாரியிலும், இரண்டு முஸ்லிமிலும் உள்ளன. எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் இம்மூன்றும் வீட்டுப் பெண்களின் அன்றாட வாழ்வைத் தொடுபவை.

முதலாவது, நோன்பைப் பற்றியது. ஒரு வெள்ளிக்கிழமை அன்னையார் நோன்பு வைத்திருந்தார்கள். நேற்று வைத்தீரா, நாளை வைக்கப் போகிறீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, இரண்டுக்கும் இல்லை என்றார்கள். அப்படியானால் நோன்பை விட்டுவிடுமாறு கூறப்பட்டது. வெள்ளிக்கிழமையை மட்டும் தனியே பிரித்து நபில் நோன்பு வைப்பது விரும்பத்தக்கதல்ல என்ற சட்டம் இதிலிருந்து பெறப்படுகிறது.

இரண்டாவது, அடுப்படியைப் பற்றியது. நபி (ஸல்) அவர்கள் வந்து, உண்ண ஏதும் உண்டா என்று கேட்டார்கள். தம் உரிமைவிட்ட பணிப்பெண்ணுக்கு தர்மமாக வந்த ஆட்டிறைச்சி எலும்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார்கள் அன்னையார். தர்மப் பொருளை நபியவர்கள் உண்பதில்லை அல்லவா! ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கொண்டு வரச் சொன்னார்கள். அது சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்டது என்றார்கள். தர்மம் ஏழையின் கையைச் சேர்ந்ததும் அது அவருடைய சொந்தப் பொருள். அதை அவர் பிறருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால், அது அன்பளிப்பே. ஏழை உறவினர் ஆசையோடு தருவதை, "இது அவருக்கு ஜக்காத்தில் வந்ததாயிற்றே" என்று ஒதுக்குபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, திக்ரைப் பற்றியது. நபி (ஸல்) அவர்கள் சுபுஹுத் தொழுகைக்குப் புறப்பட்டபோது அன்னையார் தம் தொழுமிடத்தில் அமர்ந்திருந்தார்கள். சூரியன் நன்கு உயர்ந்த பின் திரும்பி வந்தபோதும் அங்கேயே அமர்ந்து திக்ரு செய்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரமும் இதே நிலையிலா இருக்கிறீர் என்று வியந்து கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், தாம் இங்கிருந்து சென்ற பின் நான்கு வாசகங்களை மூன்று முறை ஓதியதாகவும், எடை போட்டால் அவையே கனமாக இருக்கும் என்றும் அருளினார்கள். படைப்புகளின் எண்ணிக்கை அளவும், தன் திருப்தியின் அளவும், தன் அர்ஷின் எடை அளவும், தன் வாக்குகளை எழுதும் மையின் அளவும் அல்லாஹ்வைப் புகழ்ந்து துதிக்கும் அந்தத் தஸ்பீஹை நம் மதரஸாப் பிள்ளைகள் பலரும் மனனம் செய்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் அவசரத்திலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பரபரப்பிலும் ஒரு நிமிடத்தில் ஓதிவிடக் கூடியது அது. வீட்டில் ஜுவைரியா என்ற பெண் இருந்தால், அவளுக்கு முதலில் கற்றுக் கொடுக்க வேண்டியது இந்தத் தஸ்பீஹையே.

அன்னையார் ஹிஜ்ரி 50ஆம் ஆண்டு, தம் 65ஆம் வயதில் மதீனாவில் வஃபாத்தானார்கள். ஹிஜ்ரி 56 என்ற கூற்றும் உண்டு.

பெயர் பரவிய விதம்

அரபியரிடையே இப்பெயர் அன்னையாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் ஒரு மகளுக்கும் ஜுவைரியா என்ற பெயர் இருந்தது. வியப்பான செய்தி யாதெனில், ஆண்களும் இப்பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். பஸராவைச் சேர்ந்த ஜுவைரியா பின் அஸ்மா என்ற ஹதீஸ் அறிவிப்பாளர் ஓர் ஆண். அவருடைய அறிவிப்புகள் புகாரியிலேயே இடம் பெற்றுள்ளன. ஹதீஸ் படிக்கும் மாணவர்கள் இவரைப் பெண் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்று இப்பெயர் பாகிஸ்தானில் 'ஜவேரியா' என்ற ஒலிப்பில் பரவலாக வழங்குகிறது. ஜாவாத் தீவில் 'ஜுவாரியா' என்றும், மலேசியாவில் 'ஜுவைரியா' என்றும் வைக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்களிடையே ஆயிஷா, பாத்திமா அளவுக்கு அது பரவவில்லை. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஆகவே பழைய பெயர்களே குடும்பங்களில் சுழன்று வருகின்றன. மேலும், அன்னை கதீஜா (ரலி), அன்னை ஆயிஷா (ரலி) ஆகியோரின் சரிதையைப் பயான்களில் கேட்டுப் பழகிய அளவுக்கு அன்னை ஜுவைரியாவின் சரிதையை நாம் கேட்டதில்லை. சரிதை தெரியாத இடத்தில் பெயரும் பரவுவதில்லை.

எழுதும் முறையும் அழைக்கும் முறையும்

ஸஃபிய்யா, ஸுமய்யா, ருகய்யா என்ற பெயர்களில் 'ய' இரட்டித்து வரும். அங்கே அரபியில் ஷத்து உண்டு. ஜுவைரியா என்பதில் ஷத்து இல்லை. எனவே 'ஜுவைரிய்யா' என்று அழுத்தாமல் 'ஜுவைரியா' என்று எழுதுவதே மூலத்திற்கு நெருக்கமானது. எந்த எழுத்தில் எழுதினாலும், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்குமாறு பார்த்துக் கொள்வது நல்லது. ஓரிடத்தில் 'ஜுவேரியா', இன்னோரிடத்தில் 'ஜவேரியா' என்றிருந்தால் பிற்பாடு ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படும் வேளையில் அலைச்சல்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீண்ட பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது நம்மிடம் வழக்கம். அதில் குற்றமில்லை. நாயகம் (ஸல்) அவர்களே அன்னை ஆயிஷாவை 'ஆயிஷ்' என்று செல்லமாகச் சுருக்கி அழைத்திருக்கிறார்கள். ஆனால் ஜுவைரியாவைச் சிலர் 'ரியா' என்று சுருக்குகிறார்கள். ரியா என்றால் என்ன என்பது மதரஸாவில் ஓதிய குழந்தைக்கும் தெரியும்: பிறர் பார்த்து மெச்ச வேண்டும் என்பதற்காக அமல் செய்வது, முகஸ்துதி. நபி (ஸல்) அவர்களே தேர்ந்தெடுத்துச் சூட்டிய பெயரை, முகஸ்துதியாகச் சுருக்கிவிடலாமா? 'ஜுவை' என்று கூப்பிடலாம். வாய் நிறைய 'ஜுவைரியா' என்றே கூப்பிட்டால் இன்னும் நன்று.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

பெயர் வைக்கும்போது, "இந்தத் தெருவில் யாருக்கும் இல்லை" என்பதையே பெரிதாகக் கருதி, பொருளற்ற ஓசைகளைப் பெயராக வைப்போர் பெருகி வருகின்றனர். மறுபுறம், பொருள் மிக உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று பட்டம் போன்ற பெயர்களைத் தேடுவோரும் உள்ளனர். பர்ரா என்ற உயர்ந்த சொல் நீக்கப்பட்டு, ஜுவைரியா என்ற எளிய சொல் சூட்டப்பட்டதில் இரு சாராருக்கும் படிப்பினை இருக்கிறது. புண்ணியவதி என்று பெயர் வைப்பதால் ஒருத்தி புண்ணியவதியாகிவிடுவதில்லை. சின்னப் பெண் என்று பெயர் இருந்தாலும், அவள் நூறு வீடுகளுக்கு விடுதலை தேடித் தரலாம்.

ஆகவே, இப்பெயரை வைத்துவிட்டவர்கள் மாற்ற வேண்டாம். வைக்க விரும்புபவர்கள் தயங்க வேண்டாம். ஏழாம் நாள் அகீகாவோடு பெயர் சூட்டும்போதே, அப்பெயருக்குரிய அன்னையாரின் சரிதையையும் அவையில் இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள். பெண் வளர்ந்து, "எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்கும் நாளில், வாப்பாவும் உம்மாவும் சொல்வதற்கு ஒரு விடை இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பெண் மக்களுக்கு நல்ல பெயர்களையும், அப்பெயர்களுக்கேற்ற நல் வாழ்வையும் அருள்வானாக! தற்பெருமையிலிருந்தும் முகஸ்துதியிலிருந்தும் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.